பொருளைக் கைவிட்ட சொற்கள்

ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி. ஆங்கிலத்தின் இந்த ஏழு எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு, ஏழும் அடங்கிய ஒரு சொல்லைக் கேட்டால், சற்றுத் திணறிய பின் நம்மில் பலர் 'ரீட்டெய்ன்ஸ்' என்போம். கண் மருத்துவர் 'ரெட்டினாஸ்' என்று விழித்திரைகளைக் காணக்கூடும். பிசின் மணக்கும் கிரேக்க மதுவான 'ரெட்ஸினா'வும் இதே எழுத்துக்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. இத்தகைய தேடலை உலகப் பொழுதுபோக்காக்கியவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற நியூயார்க் கட்டடக் கலைஞர்.

1930களின் பெருமந்தத்தில் வேலை இழந்த பட்ஸ், கையில் மிஞ்சிய நேரத்தில் ஒரு விளையாட்டை வடிவமைக்க முற்பட்டார். எழுத்துக்களைக் கலைத்துச் சொல்லாக்கும் விளையாட்டு விக்டோரியா காலத்து வரவேற்பறைகளிலேயே உண்டு. பட்ஸ் அதில் சேர்த்தது கணக்கு. செய்தித்தாள்களின் பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். இன்றும் ஆங்கிலப் பெட்டியிலுள்ள 100 சில்லுகளில் 'ஈ' 12 முறை வருகிறது, மதிப்பு 1. 'க்யூ'வும் 'இஸட்'டும் ஒவ்வொன்றுதான், மதிப்பு 10. ஆனால் அடிக்கடி வரும் 'எஸ்'ஸுக்கு 4 சில்லுகளே. எந்தச் சொல்லின் வாலிலும் அதை ஒட்டிப் பன்மையாக்கி எளிதில் புள்ளி சேர்த்துவிடலாம் என்பதால் இந்தக் கஞ்சத்தனம். இத்தனைக்கும் பட்ஸ் எழுத்துப்பிழை மிகுதியாகச் செய்பவர். அதை அவரே மறைத்ததில்லை.

பெரிய விளையாட்டு நிறுவனங்கள் அவரைத் திருப்பியனுப்பின. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமையைப் பெற்று, 'ஸ்கிராபிள்' என்று பெயரிட்டார். 1949இல் ஏறத்தாழ 2,400 பெட்டிகள் செய்து 450 டாலர் நஷ்டப்பட்டார். சில ஆண்டுகளில் விற்பனை இலட்சங்களைக் கடந்தது. நிற்க.

வீட்டில் ஆடும்போது ஐயமான சொல்லுக்கு நாம் அகராதியைப் புரட்டுவோம். பொருள் இருந்தால் சொல், இல்லையேல் இல்லை. போட்டிகள் பெருகியதும் எந்த அகராதி என்ற சச்சரவும் பெருகிற்று. 1978இல் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கென ஓர் அதிகாரபூர்வ அகராதி வந்தது. அதை மனப்பாடம் செய்யத் தொடங்கியவர்களுக்குப் பொருள் ஒரு சுமை. சொல் செல்லுமா என்பது போதும். இந்தப் பாதையின் உச்சியில் நிற்பவர் நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ். ஆங்கிலத்தில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற இவர், பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சுச் சொற்களைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்து 2015இல் பிரெஞ்சு மொழிப் பட்டத்தையும், 2024இல் ஸ்பானியப் பட்டத்தையும் வென்றார். இதை மொழியறிவு என்பதா, மொழியைத் தொடாமல் கடந்து செல்லும் வித்தை என்பதா? நமக்கு வியப்பும் ஒரு மெல்லிய வருத்தமும் சேர்ந்தே எழுகின்றன.

ஆனால் பொருள் அவ்வளவு எளிதில் விடைபெறவில்லை. பட்ஸ் 1993 ஏப்ரலில் மறைந்தார். அதே ஆண்டில், அந்த அகராதியில் யூதர்களையும் கறுப்பினத்தவரையும் இழிவுசெய்யும் சொற்கள் பொருளோடு அச்சாகியிருப்பதாக முறையீடு எழுந்தது. அமெரிக்க உரிமையாளரான ஹாஸ்ப்ரோ அவற்றை நீக்க முனைந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். பலகையில் சொற்களுக்குப் பொருளே இல்லை, அவை வெறும் புள்ளிகள் என்பது அவர்கள் வாதம். விளைந்த சமரசம் விசித்திரமானது. வீடுகளுக்கான அகராதியிலிருந்து வசைச்சொற்கள் வெளியேறின. போட்டிகளுக்கென 1998இல் தனியே ஒரு பட்டியல் அச்சிடப்பட்டது. அதில் அச்சொற்கள் இருந்தன, ஆனால் எந்தச் சொல்லுக்கும் பொருள் தரப்படவில்லை! வாதத்தை அப்படியே நூலாக்கிவிட்டார்கள்.

நாம் அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள மாட்டோம். ஏழு சில்லுகளை உற்றுப் பார்க்கும் கண்ணுக்கு உண்மையில் ஓசையும் வடிவமும்தான் தெரிகின்றன. எனினும் பலகைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவர், அந்தச் சொல்லால் தெருவில் அழைக்கப்பட்டவராக இருந்தால்? அவர் கண்ணில் அதன் மதிப்பு எத்தனை புள்ளி என்பதை எந்தச் செய்தித்தாளையும் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் அமெரிக்கா கொந்தளித்த நாட்களில் இந்தக் கேள்வி மீண்டும் வந்தது. இம்முறை வட அமெரிக்க ஆட்டக்காரர் சங்கமே இருநூறுக்கும் மேற்பட்ட இழிசொற்களைப் போட்டிப் பட்டியலிலிருந்து நீக்கியது. மறு ஆண்டு, பிற நாடுகளில் உரிமை கொண்ட மாட்டெல் நிறுவனம் ஏறத்தாழ 400 சொற்களை நீக்கியது. பல்லாண்டு அவற்றை மனனம் செய்திருந்தவர்கள், இனி ஆடக்கூடாதவை எவையென்று அந்தச் சொற்களையே மறுபடி ஒருமுறை நினைவில் நிறுத்தவேண்டியதாயிற்று.