ஸ்காட்டிஷ் கனடிய உழவர் முன்னோர்: குடும்ப ஆவணங்கள் வழியே தேடல்

ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறிப் போய்க் கனடாவில் காடு திருத்திப் பயிர் செய்த ஒரு முன்னோரின் வாழ்க்கையை, வீட்டில் எஞ்சிய ஏடுகளையும் அரசு, திருச்சபைப் பதிவேடுகளையும் ஒப்பிட்டு மீட்டெடுக்கும் முயற்சி வம்சாவளி ஆய்வில் தனித்ததொரு பிரிவு. பெரும்பாலும் ஒன்டாரியோ, நோவா ஸ்கோஷியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஆகிய மாகாணங்களில் குடியேறியவர்களின் சந்ததியினர் இதில் ஈடுபடுகின்றனர். இந்த உழவர்களில் பலர் புகழ்பெற்றவர்களோ செல்வர்களோ அல்லர். நாட்டு வரலாற்று நூல்களில் இவர்கள் பெயர் வராது. ஆயினும் ஒரு சாதாரண உழவர் ஓராண்டில் எத்தனை புஷல் கோதுமை கண்டார், அவர் மனைவி எத்தனை ராத்தல் வெண்ணெய் எடுத்தார் என்பது வரை சில வேளைகளில் கண்டறிய முடிகிறது.

பின்னணி

1773இல் ‘ஹெக்டர்’ என்னும் கப்பல் ஹைலாண்ட் மலைநாட்டு மக்களை நோவா ஸ்கோஷியாவின் பிக்டோ துறைமுகத்தில் இறக்கியது. அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரிட்டன் பக்கம் நின்ற ஸ்காட்டியர்கள் 1784 முதல் இன்றைய ஒன்டாரியோவின் கிழக்குக் கோடியிலுள்ள கிளென்கேரியில் நிலம் பெற்றனர். 1803இல் செல்கிர்க் பிரபு சுமார் 800 பேரைப் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் குடியமர்த்தினார். 1820, 1821ஆம் ஆண்டுகளில் கிளாஸ்கோ வட்டாரத்தின் வேலையிழந்த நெசவாளர்கள் ஒட்டாவாவுக்குத் தென்மேற்கே லனார்க் பகுதிக்கு வந்து உழவர்களானார்கள். 1826இல் அரச சாசனம் பெற்ற கனடா கம்பெனி, ஹியூரான் ஏரியை ஒட்டிய பெருநிலத்தைக் கூறு போட்டு விற்றது. அந்நிலம் அனிஷினாபே பழங்குடியினருடையது. 1827ஆம் ஆண்டு உடன்படிக்கை வழியே அது அரசின் கைக்குப் போனது. முன்னோரின் முதல் பத்திரத்தைத் தேடுபவர் அதற்கு முந்தைய இந்தக் கைமாற்றத்தையும் தம் குடும்ப வரலாற்றில் எழுதுவதே நேர்மை.

ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடிகளை வெளியேற்றியது, கடற்பாசிச் சாம்பல் தொழிலின் வீழ்ச்சி, விசைத்தறியின் வருகை, 1846இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் எனப் புறப்பாட்டுக்குக் காரணங்கள் பல. ஊரில் குத்தகைக்கு உழுதவருக்குக் கனடாவில் 100 ஏக்கர் சொந்தமாகக் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகக் காணாத உரிமை அது. அதனால்தான் பத்திரமும் வரி ரசீதும் பேரப்பிள்ளைகள் காலம் வரை பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன.

வீட்டு ஏடுகள்

தேடலின் தொடக்கம் குடும்ப பைபிள். பல பதிப்புகளில் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே பிறப்பு, திருமணம், இறப்பு எழுதவென்றே தாள்கள் விடப்பட்டிருந்தன. அந்தத் தாளைப் படிப்பதற்கு முன் பைபிள் அச்சான ஆண்டைப் பார்க்க வேண்டும். 1850இல் அச்சான நூலில் 1832இல் பிறந்த குழந்தையின் பெயர் இருந்தால், அது பின்னாளில் நினைவிலிருந்தோ வேறு தாளைப் பார்த்தோ எழுதப்பட்டது. எட்டுக் குழந்தைகளின் பிறப்பும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் வரிசையாக இருந்தால் ஒரே அமர்வில் எழுதியது என்று கொள்ளலாம். மை மாறி, எழுத்து நடுங்கி, பேனா மாறி வரும் பதிவுகளே நிகழ்ந்த காலத்தில் எழுதப்பட்டவை. அவற்றுக்கே மதிப்பு அதிகம்.

பண்ணை நாட்குறிப்புகளில் மனத்துயரையோ மகிழ்ச்சியையோ எதிர்பார்க்கக் கூடாது. காற்று எந்தத் திசை, என்ன வேலை, யார் வந்தார், எந்தப் பசு ஈன்றது என்பதோடு அன்றைய வரி முடிந்துவிடும். ஆனால் ‘யார் வந்தார்’ என்பதில் பெரும் செய்தி உண்டு. மரம் வெட்டி எரிக்கவும் களஞ்சியச் சட்டம் தூக்கி நிறுத்தவும் அக்கம்பக்கத்தார் கூடி உழைப்பது வழக்கம். அப்படி வந்தவர்களில் பலர் ஸ்காட்லாந்தில் ஒரே திருச்சபை வட்டாரத்தைச் சேர்ந்தவர்களாகவோ சம்பந்திகளாகவோ இருப்பார்கள். முன்னோரின் பூர்வீகம் தெரியாதபோது பக்கத்து வீட்டுக்காரரின் பூர்வீகத்தைத் தேடுவது பலன் தரும். கனடாவின் கெல்ப் பல்கலைக்கழகம் இத்தகைய நாட்டுப்புற நாட்குறிப்புகளைத் திரட்டி எண்மமாக்கி வருகிறது.

ஒன்டாரியோ சிற்றூர்களில் மாதர் சங்கக் கிளைகள் தொகுத்த ட்வீட்ஸ்மூர் ஊர் வரலாற்றுத் தொகுப்புகளும் உண்டு. கவர்னர் ஜெனரலாக இருந்த எழுத்தாளர் ஜான் பக்கனின் மனைவி ட்வீட்ஸ்மூர் சீமாட்டியின் பெயரால் அமைந்தவை அவை. பண்ணை வாரியாக யார் யாரிடமிருந்து வாங்கினார் என்று எழுதிவைத்த அந்தப் பெண்களுக்கு இன்றைய ஆய்வாளர்கள் பட்ட கடன் பெரிது.

பெயரில் உள்ள சிக்கல்

மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூன்றாமவனுக்குத் தந்தை பெயர்; மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர். பலராலும் பின்பற்றப்பட்ட இம்முறை, ஆவணத்தில் இல்லாத தாத்தாவின் பெயரை ஊகிக்க உதவும். சட்டமாக யாரும் கொண்டதில்லை என்பதால் சான்றாகாது. இம்முறையால் ஒரே ஊரில் ஒரே பெயரில் அண்ணன் தம்பி பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பது சாதாரணம். கிளென்கேரியில் மெக்டொனால்டுகளும் மெக்டொனெல்களும் மலிந்திருந்ததால் பட்டப்பெயர் இன்றி ஆளை அடையாளம் காட்ட முடியவில்லை. எரி ஏரிக்கரை ஸ்காட்டியப் பண்ணைக் குடும்பத்தில் 1908இல் பிறந்தவரும் பின்னாளில் இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்தவருமான பொருளியல் அறிஞர் ஜான் கென்னத் கால்பிரெய்த், ‘தி ஸ்காட்ச்’ என்னும் நூலில் அந்தச் சமூகத்தின் பெயர் வழக்கங்களையும் பதிவு செய்துள்ளார். கேலிக் மொழிப் பெயர்கள் ஆங்கிலப் பதிவேட்டில் உருமாறியதும் உண்டு: டொனால்டு ஓரிடத்தில் டேனியல்; யூஃபீமியா இன்னோரிடத்தில் எஃபி.

நிலத்தைப் பின்தொடர்தல்

பெயர் குழப்பும், வயது ஐந்தாறு ஆண்டு முன்பின்னாகும். நிலத்தின் எண் அப்படியே இருக்கும். ஒன்டாரியோவில் ஒவ்வொரு டவுன்ஷிப்பும் கன்செஷன் எனப்படும் வரிசைகளாகவும் வரிசைக்குள் லாட் எனப்படும் மனைகளாகவும் அளக்கப்பட்டது. நான்காம் கன்செஷன், பன்னிரண்டாம் லாட், கிழக்குப் பாதி என்று தெரிந்துவிட்டால், அந்த நூறு ஏக்கரில் யார் இருந்தாரோ அவரே தேடப்படும் டொனால்டு. அடுத்த வரிசையில் அதே பெயருள்ளவர் வேறு ஆள்.

நிலம் கேட்டு அரசுக்கு எழுதிய மனுக்கள் ஒட்டாவாவிலுள்ள கனடா நூலக ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எங்கிருந்து வந்தார், படையில் இருந்தாரா, குடும்பத்தில் எத்தனை பேர் என்பது அவற்றில் வரலாம். ஒதுக்கீடு கிடைத்த உடனே நிலம் சொந்தமாகிவிடாது. நிபந்தனை காலத்துக்குக் காலம் மாறினாலும், நூறு ஏக்கருக்கு ஐந்து ஏக்கர் காடு அழித்து, பதினாறுக்கு இருபது அடியில் வீடு கட்டி, முன்னுள்ள சாலைப் பகுதியைத் திருத்தித் தர வேண்டும் என்பது பரவலான விதி. அதன்பின்பே அரசின் முதற்பட்டா. ஆகவே பட்டாவின் தேதியைக் குடியேறிய தேதி என்று கொள்வது தவறு. இடையில் பல ஆண்டுகள் கழிந்திருக்கும்.

பட்டாவுக்குப் பிந்தைய விற்பனை, அடமானம், வாரிசு மாற்றம் எல்லாவற்றையும் லாட் வாரியாகக் காட்டும் சுருக்கப் பதிவேடு, நம் வில்லங்கச் சான்று போன்றது. தந்தை மகனுக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்த பத்திரத்தில், முதிய பெற்றோருக்கு வீட்டில் ஓர் அறையும், விறகும், ஒரு பசுவும் ஆயுள்வரை தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். கணவர் விற்கும்போது தன் ஆயுள் பங்கை விட்டுக்கொடுத்து மனைவி ஒப்பமிட வேண்டியிருந்ததால், வேறெங்கும் காணாத பெண்ணின் பெயர் இங்கே கிடைக்கிறது.

1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இத்துறையினருக்குப் புதையல். அதற்கு ஒன்பது அட்டவணைகள். நான்காம் அட்டவணையில் கன்செஷன், லாட் எண்ணோடு பயிர் விளைச்சலும், மேப்பிள் மரச்சாற்றில் காய்ச்சிய சர்க்கரையும். ஐந்தாவதில் குதிரை, பசு, ஆடு, வெண்ணெய், கம்பளி, வீட்டில் நெய்த துணி. முதல் அட்டவணையில் ஒரு பெயரைக் கண்டதும் மூடிவிடுகிறவர் பண்ணையையே பார்க்காமல் போகிறார். முந்தைய 1851 கணக்கெடுப்பு உண்மையில் 1852 ஜனவரியில் எடுக்கப்பட்டது. அதில் அடுத்த பிறந்தநாளுக்குரிய வயதைத்தான் எழுதினார்கள்.

கடலுக்கு அப்பால்

ஸ்காட்டியப் பதிவேடுகளில் தேட, வட்டாரத்தின் பெயர் தேவை. 1865க்கு முன் கனடாவுக்கு வந்த பயணிகளின் பட்டியல்கள் முறையாகச் சேமிக்கப்படவில்லை. எனவே கல்லறைக் கல்தான் பலருக்குக் கைகொடுக்கிறது. இன்ன ஷயரில் இன்ன ஊரில் பிறந்தவர் என்று பொறிப்பது ஸ்காட்டியர்களிடையே பரவலாக இருந்தது. உள்ளூர்ச் செய்தித்தாளின் இறப்புச் செய்தியும் இதைச் சொல்லும். திருச்சபை ஏடுகளைத் தேடுமுன் சபைப் பிளவுகளை அறிந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 1843இல் நேர்ந்த பிளவு மறு ஆண்டே கனடாவுக்கும் பரவியது. 1925இல் பிரஸ்பிட்டேரியன் சபைகளில் பெரும்பாலானவை ஐக்கிய சபையில் இணைந்தன. ஒரே ஊரின் ஏடுகள் இரு காப்பகங்களில் பிரிந்து கிடப்பது இதனால்தான்.

ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1ஆம் தேதி. அதற்கு முந்தையவை பழைய திருச்சபைப் பதிவேடுகள். அவற்றில் விடுபாடுகள் ஏராளம். 1820இல் கப்பலேறியவருக்கு 1855ஆம் ஆண்டுப் பதிவு எதற்கு என்று தோன்றலாம். ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனோ அக்காவோ 1855க்குப் பின் இறந்திருந்தால், இறப்புப் பதிவில் தாய் தந்தை இருவர் பெயரும், தாயின் பிறந்தகத்துக் குடும்பப்பெயரும் இருக்கும். புறப்பட்டவரின் பெற்றோர் தங்கியவரின் பதிவில் கிடைக்கிறார்கள். ஒன்டாரியோவின் அரசுப் பதிவு 1869 ஜூலையில்தான் தொடங்கியது.

எல்லா ஆவணங்களும் ஒன்றுசேரும் குடும்பங்கள் சில. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஆலிஸ் மன்றோவின் லெய்ட்லா குடும்பம் அவற்றில் ஒன்று. ஸ்காட்லாந்தின் எட்ரிக் பள்ளத்தாக்கிலிருந்து 1818இல் லீத் துறைமுகம் வழியே கியூபெக் வந்த முன்னோரின் கப்பல் நாட்குறிப்பு, கடிதங்கள், எட்ரிக்கிலும் ஒன்டாரியோவிலும் உள்ள கல்லறைகள் ஆகியவற்றைத் தேடிப் பார்த்து அவர் 2006இல் வெளியிட்ட நூல் ‘தி வியூ ஃப்ரம் காசில் ராக்’. அதில் ஆவணமும் கற்பனையும் கலந்திருப்பதை அவரே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். வம்சாவளிச் சான்றாக அதை எடுத்தாள முடியாது.

சுண்ணாம்புக் கல்லில் பொறித்த எழுத்துகள் பனியிலும் மழையிலும் அழிந்து வருகின்றன. பைபிளின் நடுத்தாள்கள் உதிர்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் அச்சான ஆண்டு தெரியும்படி முகப்புப் பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து, ஒரு பிரதியைத் தம் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு இப்போதே கொடுத்துவைக்க வேண்டும்.