ஒருவர் தரை, ஒருவர் கூரை

நகரங்கள் அகலத்தில் வளர்ந்தது போதாமல் உயரத்திலும் வளரத் தொடங்கியபோது, மனிதனுக்குப் புதிய அயலார் ஒருவர் வாய்த்தார். அவர் குடியிருப்பது நம் தலைக்கு மேலே. அவருடைய தரையே நமக்குக் கூரை. அவர் நாற்காலியை இழுத்தால் நம் உறக்கம் கலையும். இவ்விடுக்கண் நீங்க மக்கள் செய்த முயற்சிக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவின் பழைய பகுதி, குன்றொன்றின் முதுகின்மேல் மதிலுக்குள் அமைந்தது. இடம் குறுகியமையால் கல் வீடுகள் மாடிமேல் மாடியாக ஓங்கின. 1767-இல் ஜேம்ஸ் கிரெய்க் வகுத்த திட்டப்படி புதுநகர் எழுந்தபோதும், பல குடும்பங்கள் அடுக்கு வீடுகளிலேயே வாழ்ந்தன.

அங்குள்ள கட்டடத் தொழிலாளர் கையாண்ட முறை எளியது. தரையைத் தாங்கும் உத்தரங்களின் இடைவெளிகளில் பலகைகளைப் பொருத்தி, அவற்றின்மேல் சாம்பல், மண், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றைக் கனமாகப் பரப்பினர். அதற்கு மேலே நடக்கும் தரை. கீழே காரை பூசிய உட்கூரை. இந்நிரப்புக்கு ஸ்காட்லாந்தியர் இட்ட பெயர் 'டெஃபனிங்'; செவிடாக்குதல் என்பது பொருள்.

கனமான பொருளைக் காற்றின் அதிர்வு எளிதில் அசைக்காது. ஆகவே பேச்சும் பாட்டும் பெரிதும் அடங்கின. காலடி ஓசையின் இயல்போ வேறு. நேயர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மர மேசையின் ஒரு முனையில் காதை வைத்து, மறுமுனையை நகத்தால் கீறச் சொல்லுங்கள். காற்றில் கேளாத ஓசை மரத்தின் வழியே தெளிவாக வரும். அவ்வாறே அடிவைப்பு உத்தரத்தை அசைக்கிறது. உத்தரம் உட்கூரையை அசைக்கிறது. சாம்பல் அதனை ஓரளவே தணிக்கும்.

இதற்குக் கனம் மட்டும் போதாது, தொடர்பையும் அறுக்க வேண்டும் என்பதை 20-ஆம் நூற்றாண்டின் ஒலியியல் தெளிவாக்கிற்று. உத்தரங்களின்மேல் கண்ணாடி நார் மெத்தையை விரித்து, நடக்கும் தரையை அதன்மேல் மிதக்க விட்டனர். ஓர் ஆணி மெத்தையைத் துளைத்து உத்தரத்தில் இறங்கினால், அதன் வழியே ஓசையும் இறங்கும். கீழ்வீட்டார் தாமே செய்யக்கூடியது, மேலுள்ள உத்தரங்களைத் தொடாத தனிச் சட்டங்களில் இரண்டாம் உட்கூரை அமைப்பது. ஆனால் அதனால் அறையின் உயரம் குறையும். சுவர் வழியே வரும் ஓசையும் முற்றும் நில்லாது.

துன்பம் கீழ்வீட்டில், சிறந்த மருந்து மேல்வீட்டுத் தரையில். அயலாரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்க இயலாமையால் சட்டம் குறுக்கிட்டது. ஸ்காட்லாந்தில் 1963-இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1965-இலும் வந்த கட்டட விதிகள், புது வீடுகளைக் கட்டுவோருக்கு ஒலித்தடுப்பைக் கடமையாக்கின.

பழைய வீடுகளைப் புதுப்பித்தோர் சிலர், குழாயும் மின்கம்பியும் பதிக்கும்போது, அந்தச் சாம்பலைக் குப்பையென்று அள்ளி எறிந்தனர். அது அத்தனை காலம் செய்துவந்த காவல், அதன் பின்னரே கீழ்வீட்டாருக்குப் புலப்பட்டது.