பழைய டெலஸ்கோப் கிடைச்சா வாங்கலாமா? கண்ணாடியைக் கழுவுவது முதல் ஸ்டாண்டை மாற்றுவது வரை... டெல்டாக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை!

பரணில் தூசி படிந்து கிடக்கும் டெலஸ்கோப், பள்ளி ஆய்வக அலமாரியில் பூட்டியே இருக்கும் டெலஸ்கோப், வெளிநாட்டில் இருந்து வந்த மாமா வாங்கிக் கொடுத்து இரண்டே நாளில் ஓரங்கட்டப்பட்ட டெலஸ்கோப். செகண்ட் ஹேண்டில் கைமாறுவது பெரும்பாலும் இந்த ரகம்தான். "கண்ணாடி மங்கிப்போச்சு, ஒண்ணும் தெரியல" என்று சொல்லித்தான் விற்பார்கள்.

உண்மையில் கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் கெடாது. கெட்டுப்போயிருப்பது அதன் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு, அல்லது ஆடிக்கொண்டே இருக்கும் ஸ்டாண்ட். இரண்டையும் சரி செய்யலாம். ஆனால் சரி செய்கிறேன் என்று முதல் நாளே துணியைக் கையில் எடுத்தால், நன்றாக இருக்கும் கண்ணாடியும் போய்விடும். இதை அனுபவத்தில் சொல்கிறேன், அந்தக் கதை கீழே இருக்கிறது.

முதல்ல, இது எப்படி வேலை செய்யுது?

முன்னால் லென்ஸ் இருந்தால் அது ஒரு வகை. நாம் பேசுவது கண்ணாடி வைத்த வகை, அதாவது ரிஃப்ளெக்டர். பெரிய குழாய், ஒரு பக்கம் திறந்த வாய், அடியில் உட்குழிந்த கண்ணாடி. பள்ளிப் புத்தகத்தில் படித்த அதே குழி ஆடிதான். ('ஆடி' என்றால் கண்ணாடி என்பது தமிழ் பி.ஏ. படித்தபோது மனப்பாடம் ஆன விஷயம். அது ஸ்க்ரூ டிரைவரோடு கைக்கு வரும் என்று அப்போது நினைக்கவில்லை.) வாய் வழியாக வரும் வெளிச்சம் அடியில் பட்டுத் திரும்பும். மேலே சாய்வாக இருக்கும் சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அங்கே ஐபீஸ் வைத்துப் பார்க்கிறோம். நியூட்டன் 1668-ல் செய்த அமைப்பு. இன்றும் பெரிதாக மாறவில்லை.

முக்கியமான விஷயம் ஒன்று. வீட்டுப் பாத்ரூம் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும், அதனால் எப்படித் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது. டெலஸ்கோப் கண்ணாடியில் பூச்சு முன்பக்கம், வெளியே தெரியும்படி இருக்கும். அது ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள அலுமினியம், அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்ட் என்றால் மட்டமா?

கொடைக்கானல் வான் ஆய்வகத்துக்கே பழைய டெலஸ்கோப் ஒன்று வந்திருக்கிறது. பூனாவில் கவாஸ்ஜி தாதாபாய் நயகம்வாலா என்ற பேராசிரியர், பாவ்நகர் மகாராஜா தக்த்சிங்ஜியின் நன்கொடையோடு ஓர் ஆய்வகம் அமைத்தார். அங்கிருந்தது டப்ளின் கிரப் நிறுவனத்தின் 20 அங்குல ரிஃப்ளெக்டர். அவர் ஓய்வு பெற்றதும் 1912-ல் ஆய்வகம் மூடப்பட்டது, கருவிகள் கொடைக்கானல் மலைக்கு வந்தன. 'பாவ்நகர் டெலஸ்கோப்' என்றே பேர். பல பத்தாண்டுகளுக்கு நாட்டிலேயே பெரியது இதுதான்.

இதைவிட நல்ல உதாரணம் அமெரிக்காவில் உண்டு. இங்கிலாந்தில் காமன் என்பவர் 1879-ல் அமைத்த 36 அங்குல ரிஃப்ளெக்டரை 1885-ல் கிராஸ்லி என்பவர் விலைக்கு வாங்கினார். அவரிடமிருந்து 1895-ல் கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்துக்குப் போனது. கண்ணாடி அருமை, தாங்கும் அமைப்புதான் தொல்லை. 1898-ல் பொறுப்பேற்ற கீலர் அந்த அமைப்பைப் பிரித்து மேய்ந்து சரி செய்தார். பிறகு அதில் எடுத்த படங்களை வைத்துத்தான், வானத்தில் 1 லட்சத்து 20 ஆயிரம் மங்கலான நெபுலாக்களாவது இருக்கும், அதில் பெரும்பாலானவை சுருள் வடிவம் என்று கணித்தார். அவை ஒவ்வொன்றும் தனித்தனி கேலக்ஸி என்பது பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடி நல்லது, ஸ்டாண்ட் மோசம். நம்ம ஊரில் கைமாறும் சின்ன டெலஸ்கோப்களின் கதையும் அச்சு அசல் இதேதான்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பெட்டியில் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதில் இரண்டு மடங்குதான் அதிகபட்சம். 76 மி.மீ. கண்ணாடி என்றால் 150-க்கு மேல் எல்லாம் மங்கல்தான்.

குழாயில் 'D=114 F=900' மாதிரி எழுதியிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது குவியத் தூரம். குழாயின் நீளமும் குவியத் தூரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கணும். 1000 என்று எழுதிவிட்டு குழாய் அரை மீட்டர்தான் இருக்கிறது என்றால், ஐபீஸ் செருகும் இடத்துக்குள் ஒரு லென்ஸ் ஒளிந்திருக்கிறது. இந்த ரகத்தைச் சீரமைப்பது தலைவலி. ஓசியில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், காசு கொடுக்க வேண்டாம்.

ஐபீஸ் செருகும் ஓட்டையை அளந்து பாருங்கள். பழைய மாடல்களில் 0.965 அங்குலம், இப்போது எல்லாம் 1.25 அங்குலம். பழைய அளவாக இருந்தால் புது ஐபீஸ் நேரடியாகப் பொருந்தாது. இதற்குப் பயப்பட வேண்டாம். லேத் பட்டறையில் அலுமினியத்தில் ஓர் அடாப்டர் கடைந்து தரச் சொல்லலாம், இல்லை ஃபோகசரையே மாற்றிவிடலாம். பழைய பிளாஸ்டிக் ஐபீஸைத் தூக்கிப் போட்டுவிட்டு 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு சுமாரான ஐபீஸ் வாங்கினாலே பாதி சீரமைப்பு முடிந்த மாதிரி.

பெட்டிக்குள் 'SUN' என்று ஆங்கிலத்தில் எழுதிய, ஐபீஸில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி இருக்கிறதா? அதை உடனே உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்து வரும் சூரியச் சூட்டில் அது பட்டென்று விரிசல் விடும், அந்த நொடியில் கண் போய்விடும். சூரியனைப் பார்க்க வேண்டுமானால் குழாயின் வாயை முழுசாக மூடும் தரமான சூரிய ஃபில்டர் வேண்டும், அது இல்லையென்றால் பார்க்கவே கூடாது. பள்ளி ஆய்வகத்தில் பழைய டெலஸ்கோப் இருந்தால், ஆசிரியர்கள் முதலில் தேட வேண்டிய பொருள் இதுதான்.

கண்ணாடியைக் கழுவலாமா?

நான் வாங்கியது 114 மி.மீ. கண்ணாடி. வந்த அன்றே டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரே தூசி. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் அழுத்தித் துடைத்தேன். மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல். துணி மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் தூசிக்குள் இருந்தது மணல்.

டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தக் கண்ணாடியும் அழுக்காகத்தான் தெரியும். லேசான தூசி படத்தைக் கெடுக்காது, விட்டுவிடலாம். விரல் ரேகை, பூஞ்சைத் திட்டு, பல்லி எச்சம் இருந்தால் மட்டும் கழுவுங்கள்.

குழாயைப் படுக்க வைத்துத்தான் வேலை செய்யணும். நிமிர்த்தி வைத்து மேலே திருகினால், கையில் இருந்து நழுவும் ஸ்க்ரூ டிரைவர் நேராகப் பெரிய கண்ணாடியில்தான் விழும். அடிமூடியைக் கழற்றும் முன் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று பென்சிலில் குறி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்து, பிளாஸ்டிக் பேசினுக்குள் ஒரு துண்டு விரித்து அதில் வையுங்கள். முதலில் லேசாகக் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு மணலைப் போக்குங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு கால் மணி நேரம் ஊற வையுங்கள். பஞ்சை, மெடிக்கலில் கிடைக்கும் சர்ஜிக்கல் காட்டனை, நனைத்து தண்ணீருக்குள்ளேயே அதன் எடையில் மட்டும் இழுங்கள். விரலால் அழுத்தக் கூடாது. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு.

கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அதேதான். போர்த் தண்ணீர் வேண்டாம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம், காய்ந்ததும் உப்பு வட்டம் வட்டமாக நிற்கும். சாய்த்து வைத்துத் தானாகக் காயவிடுங்கள்.

கழுவிய பிறகும் மங்கலா? கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் பல்பு எரியவிட்டுப் பாருங்கள். ஊசித் துளைகளாக வெளிச்சம் வந்தால் பூச்சு போகத் தொடங்கிவிட்டது. நாலைந்து துளை இருந்தால் பரவாயில்லை. சல்லடையாக இருந்தால் மறுபூச்சுதான் வழி. ஊர்க் கண்ணாடிக் கடையில் இது ஆகாது. காற்றை உறிஞ்சிய வெற்றிடக் கலனுக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கணும். திருப்பத்தூர் மாவட்டம் காவலூர் ஆய்வகத்தில் தங்கள் பெரிய கண்ணாடிகளுக்குப் பூச்சு போட வளாகத்துக்குள்ளேயே இந்தக் கலன் வைத்திருக்கிறார்கள். நமக்கு வெற்றிடப் பூச்சு வேலை எடுக்கும் ஆப்டிக்ஸ் நிறுவனங்கள்தான். 76 மி.மீ. சின்னக் கண்ணாடி என்றால் அந்தச் செலவுக்குப் புதுக் கண்ணாடியே வாங்கலாம். 150 மி.மீ.க்கு மேல் என்றால் மறுபூச்சு கண்டிப்பாக லாபம்.

திரும்ப மாட்டும்போது ஓரத்தில் இருக்கும் மூன்று கிளிப்புகளை இறுக்காதீர்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி வேண்டும். இறுக்கினால் நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும். என் கீறல் கண்ணாடி இன்னும் ஓடுகிறது, நிலாவைச் சுற்றிக் கொஞ்சம் மூட்டம் தெரியும், அவ்வளவுதான்.

ஸ்டாண்டுதான் நம்ம ஊர்ப் பிரச்சினை

இந்த டெலஸ்கோப்கள் பலவும் எடைக்கல் தொங்கும் 'ஈக்குவடோரியல்' ஸ்டாண்டில் வரும். அதன் அச்சை துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திருப்பணும். லண்டனில் அந்த நட்சத்திரம் 51 டிகிரி உயரத்தில் இருக்கும். தஞ்சாவூரில்? வெறும் 11 டிகிரி. தென்னந்தோப்புக்குப் பின்னால் போய்விடும். அச்சை இவ்வளவு தாழ்த்தினால் எடைக்கல் கம்பி ஸ்டாண்ட் காலில் இடிக்கும். சில மாடல்களில் அந்த அளவுக்குத் தாழ்த்தவே முடியாது. வாங்கியவர்கள் 'எனக்குத்தான் தெரியல' என்று நினைத்து மூட்டை கட்டிவிடுகிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை.

அதே ஸ்டாண்டையே வைத்துக்கொள்ள ஆசை என்றால், வடக்குப் பக்கம் ஒரு கால் வராமல், இரண்டு கால்களுக்கு நடுவே கம்பி இறங்கும்படி திருப்பி வைத்துப் பாருங்கள். ஆனால் என் கருத்து, அதைக் கழற்றிவிட்டு மரப்பெட்டிக்கு மாறுவதுதான்.

அதன் பெயர் டாப்சோனியன். ஜான் டாப்சன் என்பவர் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் 1944-ல் சேர்ந்த துறவி. கையில் காசில்லாமல், கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து, அட்டைக் குழாயும் பிளைவுட்டும் வைத்து டெலஸ்கோப் செய்து தெருவில் போகிறவர்களுக்கு வானம் காட்டினார். 1967-ல் மடத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். பீரங்கி வண்டி மாதிரி மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் நகரும் அந்தப் பெட்டி உலகம் முழுக்கப் பரவியது.

ஆசாரியிடம் சொன்னால் அரை நாள் வேலை. 18 மி.மீ. பிளைவுட்டில் அடிப்பலகை, அதன் மேல் சுழலும் மூன்று பக்கப் பெட்டி. சுழலும் பலகையின் அடியில் சன்மைக்கா ஒட்டி, கீழ்ப்பலகையில் மூன்று டெஃப்லான் துண்டுகளை ஆணியடித்துவிட்டால் விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். குழாயின் இரண்டு பக்கமும் வட்டமாக இரண்டு பி.வி.சி. எண்ட் கேப், அவை பெட்டியின் மேல்விளிம்பில் வெட்டிய வளைவில் உட்காரும். எண்ட் கேப்பைக் குழாய் சமநிலையில் நிற்கும் இடத்தில் பொருத்தணும். அப்படியும் முன்பக்கம் சாய்ந்தால் பின்பக்கம் ஒரு காந்தம் ஒட்டுங்கள். குழாய் உள்ளே பளபளப்பாக இருந்தால், கண்ணாடியை எடுத்துவிட்டு பிளாக்போர்டு பெயிண்ட் அடியுங்கள்.

பனியும் பூஞ்சையும்

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்விடும். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிவு, ஆனால் பனி கொட்டும். பெரிய கண்ணாடி குழாயின் அடியில் இருப்பதால் தப்பிக்கும். மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியும் ஐபீஸும்தான் வேர்க்கும். குழாயின் வாயில் ஒரு கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டி நீட்டிவிட்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஈரத்தோடு மூடி போட்டு வைப்பதுதான் பூஞ்சைக்குக் கொடுக்கும் விருந்து. வீட்டுக்குள் படுக்க வைத்து, திறந்தபடியே காயவிட்டு, காலையில் வெயில் படாத இடத்தில் வைத்து மூடுங்கள். உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் போடலாம். நெல்லு விளையிற ஊராச்சே, மொபைலைப் போடுற மாதிரி அரிசியில் போடலாமா என்று கேட்காதீர்கள். தவிட்டுத் தூசி கண்ணாடியில் ஒட்டும், வண்டும் வரும்.

கடைசி வேலை, கண்ணாடிகளை நேர்செய்வது

பழைய ஃபிலிம் டப்பா மூடியின் நடுவில் ஓட்டை போட்டு ஐபீஸ் இடத்தில் வைத்துப் பாருங்கள். சின்னக் கண்ணாடிக்குள் பெரிய கண்ணாடி முழு வட்டமாகத் தெரியணும். பிறகு அடியில் உள்ள மூன்று திருகுகளை மெதுவாகத் திருப்பி, வட்டத்துக்குள் வட்டமாக எல்லாம் நடுவில் வரும்படி செய்யணும். ஒவ்வொரு முறை தூக்கிக்கொண்டு போன பிறகும் இதைச் சரிபார்ப்பது நல்லது, பழகிவிட்டால் ஐந்து நிமிஷம்.

முதல் நாள் நிலா, அதுவும் முழு நிலா வேண்டாம், வளர்பிறையில் ஏழு, எட்டாம் நாள். பள்ளங்களின் நிழல் அப்போதுதான் தெரியும். எதிர்வீட்டுப் பையன், "அண்ணே, நிலாவுல நட்ட கொடி தெரியுமா?" என்று கேட்டான். 114 மி.மீ. கண்ணாடியில் நிலாவில் சுமார் 2 கிலோமீட்டர் அகலம் உள்ளதுதான் தனியாகத் தெரியும் என்று விளக்கினேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்பாயி மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாட்டியைக் காணோம்டா, ஒரே குழியால்ல இருக்கு" என்றார்.

சனிக்கோளின் வளையம் 50 மடங்கிலேயே தெரியும், வியாழனின் நாலு நிலவுகளுக்கு அதுகூட வேண்டாம். மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே தென்னை உச்சிக்கு மேல், அடிவானத்தில் இருந்து 30 டிகிரி உயரத்தில் தேடினால் ஒமேகா செண்டாரி கிடைக்கும். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு பஞ்சு உருண்டை. லண்டனில் இருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேலேயே வராது.