பாம்பு வளர்ப்பும் பாம்பின் உள்ளமும்

உலகத்துப் பிராணிகளுள் பாம்பைப் போல மனிதனால் அஞ்சவும், வணங்கவும், அடிக்கவும், ஆட்டுவிக்கவும் பட்ட பிராணி பிறிதொன்றில்லை. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கூறும் நாமே புற்றைக் கண்டால் கைகூப்புகின்றோம். பாம்புக்குப் பால் வார்த்தல் புண்ணியம் என்கின்றோம். நன்றி கெட்டவனைக் குறிக்கவும் பாம்புக்குப் பால் வார்த்த கதை என்கின்றோம். ஒன்றில் அதற்கு அருள் உண்டு. மற்றொன்றில் வஞ்சம் உண்டு. இவ்விரு கொள்கையாரும் பாம்பின் உள்ளத்தில் உண்மையில் யாது நிகழ்கின்றது என்று விசாரித்தவரல்லர். இக்காலத்திலோ மூன்றாவது கூட்டத்தார் ஒருவரும் தோன்றியுள்ளனர். அவர் பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பிள்ளையைப் போல வளர்ப்பவர். அது தம்மை அறியும், தம்மிடம் அன்பு கொள்ளும் என்று உறுதியாக நம்புபவர். இம்மூவகையார் கூற்றையும் சரித்திரத்தைக் கொண்டும் ஆராய்ச்சியைக் கொண்டும் சீர்தூக்கிப் பார்த்தல் நம் கடமையாகும். பாம்பின் மீது நாம் ஏற்றிக் கூறும் குணங்கள் பல மனிதரின் உயிரையும் பல பாம்பின் உயிரையும் வாங்கியிருக்கின்றன ஆதலின், இது வீண் விசாரமன்று.

நாகமும் தமிழரும்

நாக வழிபாடு தமிழரிடை மிகப் பழமையானது. நாகர்கோவில் என்னும் நகரம் அங்குள்ள நாகராஜா கோவிலால் பெயர் பெற்றது. ஈழத்து நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோவில் இருக்கின்றது. அரசமரத்தடியில் பின்னிக்கொண்டிருக்கும் இரு நாகங்களைச் செதுக்கிய கல்லைக் காணாத தமிழர் அரியர்.

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் இவ்வழிபாட்டையும் உடன் கொண்டு வந்தனர். இன்று மாடி வீடுகளும் கல்லூரிகளும் கடைத்தெருக்களும் நிறைந்து விளங்கும் சுபாங் ஜெயா, 1970-களின் நடுப்பகுதி வரையில் சீஃபீல்டு என்னும் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அத்தோட்டத்து மாரியம்மன் கோவில் 1891-ல் தோன்றியதென்பர். காடு வெட்டியவரும் பால்மரம் சீவியவரும் விடியுமுன் இருட்டிலே சருகுகளின் மேல் நடந்து வேலைக்குச் சென்றவர். ஆஸ்பத்திரி தூரத்திலும் பாம்பு காலடியிலும் இருந்த வாழ்வு அது. அந்நிலையில் ஒருவன் புற்றுக்கு முன் நின்று, என் பிள்ளை குட்டிகளைத் தீண்டாதே என்று வேண்டிக்கொண்டானாயின், அவனை நகைப்பது அறிவுடைமையாகாது. ஆனால் அவன் அச்சத்தை நாம் உணர்ந்துகொள்வது வேறு. அவன் எண்ணியவாறே பாம்பு கேட்டது, இரங்கியது என்று கொள்வது வேறு.

நம்மவர் பாம்பைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணங்களுள் மூன்றை எடுத்துக்கொள்வோம். முதலாவது, பாம்பு பால் குடிக்கும் என்பது. பாம்பு ஊனுண்ணும் பிராணி. பால் அதற்கு இயற்கை உணவன்று. நாகபஞ்சமியன்று தெருவில் பால் குடிக்கும் பாம்பு, பாம்பாட்டியால் பல நாள் தண்ணீரின்றி வாட்டப்பட்ட பாம்பாகும். பக்தர் அருளென்று கண்டது உண்மையில் தாகமே. இரண்டாவது, மகுடி இசைக்குப் பாம்பு மயங்கும் என்பது. பாம்புக்குப் புறச்செவி இல்லை. நில அதிர்வையும் தாழ்ந்த ஓசைகளையும் அது உணருமாயினும், மகுடிக்கு முன் ஆடும்போது அது தொடர்வது குழலின் அசைவையே. படமெடுத்தல் எச்சரிக்கையாகும், அதனை நாம் ரசனை என்று கொண்டாடினோம். மூன்றாவது, சாரையும் நாகமும் கூடிப் பிணையும் என்பது. அவ்வாறு நிமிர்ந்து பின்னிக்கொள்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். அவை செய்வது மற்போர். போரைக் காதலாகவும், அச்சத்தை ஆனந்தமாகவும், தாகத்தை அருளாகவும் கண்ட கண்கள் நம்முடையவை.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் என்னுமிடத்துச் சீனக் கோவிலில் பச்சை விரியன்கள் கிளைகளின் மேல் அசைவற்றுக் கிடப்பதைப் பலர் பார்த்திருப்பர். ஊதுவத்திப் புகையால் அவை சாந்தமடைந்தன என்பது வழக்கு. ஆயின் அவ்வினம் பகலில் அசையாது கிடந்து, இரை தன்னைத் தேடி வரும் வரையில் நாட்கணக்கில் காத்திருப்பதையே இயல்பாக உடையது. புகையில்லாத காட்டிலும் அது அவ்வாறே கிடக்கும்.

இருளர் கண்ட வழி

பாம்போடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய தமிழ் மக்கள் உளர். அவர் செங்கற்பட்டுப் பகுதி இருளர். தரையில் விழுந்த சுவடு, செதில், எச்சம் ஆகியவற்றைக் கொண்டே இன்ன பாம்பு இன்ன வளையில் உள்ளதென்று கூற வல்லவர். நெடுங்காலம் பாம்புத்தோல் வியாபாரிகள் இவர்களைக் கொண்டு எண்ணிறந்த பாம்புகளைக் கொல்வித்தனர். 1972-ல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்து, 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடைபடவே, இருளர் பிழைப்பு அற்றவராயினர். பின்னர் 1978-ல், பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் உதவியோடு, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மட்பானைகளில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுதல் சங்கத்தின் முறையாயிற்று. அவ்விஷத்தைக் கொண்டே விஷமுறிவு மருந்து தயாராகின்றது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையில் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அந்நாட்டில் இத்தொழில் எத்துணைப் பேருதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே பாம்பை வைத்திருத்தல் என்பது புதிதன்று. இருளர் வைத்திருந்தனர், ஆனால் சில வாரத்துக்கு, ஒரு காரியத்துக்காக, திரும்ப விடுவதற்காகவே வைத்திருந்தனர்.

வீட்டுக்குள் வந்த பாம்பு

நகரத்தார் பாம்பு வளர்ப்பதன் காரணம் யாது? முதலாவது வசதி. நாய் குரைக்கும், நாள்தோறும் இருவேளை உணவும் உலாவும் வேண்டும். பாம்போ ஓசை செய்யாது. மேற்கு ஆப்பிரிக்காவினின்று வந்து இன்று உலகெங்கும் விற்கப்படும் சிறு மலைப்பாம்பு, வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஓர் எலியுண்டு பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கும். அடுக்கு மாடி வீட்டாருக்கு இது பெரிய வசதியாகத் தோன்றுகிறது. இரண்டாவது அழகு, வியாபாரிகள் பல நிறத்தில் அதனை இனவிருத்தி செய்து விற்கின்றனர். மூன்றாவது வீரம், பிறர் அஞ்சுவதைத் தான் அஞ்சாமல் கையில் ஏந்துதலில் ஒரு பெருமை. நான்காவதொன்று உண்டு, அது மதிக்கத்தக்கது. யாவரும் வெறுத்து அடிக்கும் பிராணியிடத்து இரக்கம் கொண்டு, அதனைக் காக்க விரும்பும் உள்ளம் அது.

ஆயினும் வளர்ப்பவர் மனம் மாறும், பாம்பும் வளரும். முழங்கை நீளத்தில் வாங்கிய மலைப்பாம்பு சில ஆண்டில் ஆளைவிட நீண்டுவிடுகின்றது. அமெரிக்காவில் ஃபுளோரிடா நாட்டார், செல்லமாக வளர்த்த பர்மா மலைப்பாம்புகளைச் சதுப்புக் காட்டில் விட்டனர். சில தாமே தப்பியும் சென்றன. அவை அங்கே பல்கிப் பெருகின. ஆராய்ச்சியாளர் 2012-ல் வெளியிட்ட கணக்கின்படி, எவர்கிளேட்ஸ் என்னும் அக்காட்டின் சில பகுதிகளில் ரக்கூன் என்னும் பிராணி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு குறைந்துவிட்டது. அந்நாட்டார் செய்வதறியாது, 2017-ல் இரு இருளரைக் கடல் கடந்து வரவழைத்தனர். மாசி சடையன், வடிவேல் கோபால் என்பார் அவர். வந்த முதல் இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று பதினாறு அடி நீளம். 2023-ல் இந்திய அரசாங்கம் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. படித்த செல்வர் விளையாட்டாகச் செய்த பிழையைத் திருத்த, ஏட்டுப் படிப்பில்லாத ஏழைத் தமிழரின் அறிவு வேண்டியதாயிற்று. எது கல்வி என்பதை இதனால் உணரலாம்.

ஒரு வீரனும் ஒரு பொய்யும்

நம் நாட்டில் நிகழ்ந்ததையும் கூற வேண்டும். நூற்றுக்கணக்கான நாகங்களோடு ஒரே அறையில் பல நாள் தங்கிப் புகழ் பெற்ற அலி கான் சம்சுதீன், 2006 டிசம்பரில் ராஜநாகம் தீண்டி மாண்டார். அவர் பாம்பின் இயல்பை அறியாதவரல்லர். ஆனால் பழக்கம் விஷத்தை முறிக்காது.

பஹாங்கில் தீயணைப்புப் படையைச் சேர்ந்த அபு சரின் ஹுசேன் என்பார், வீடுகளில் புகுந்த பாம்புகளைக் கொல்லாமல் பிடிக்கும் முறையைத் தம் படையினருக்குக் கற்பித்து வந்தார். தம்மிடமும் பாம்புகளை வைத்துப் பழகினார். அவர் ராஜநாகத்தோடிருக்கும் படங்களை எடுத்துக்கொண்டு, 2016-ல் அயல்நாட்டுப் பத்திரிகைகள் சில ஒரு கதை கட்டின: இறந்த காதலியே பாம்பாய்ப் பிறந்தாளென்று நம்பி ஒருவன் பாம்பை மணந்தான் என்பதே அக்கதை. அவர் மறுத்தும் அப்பொய் உலகைச் சுற்றியது. 2018 மார்ச்சில் பெந்தோங்கில் பாம்பைப் பிடிக்கச் சென்ற இடத்தில் நாகம் தீண்டி, நான்காம் நாள் தெமர்லோ ஆஸ்பத்திரியில் அவர் உயிர் நீத்தார். வயது முப்பத்து மூன்று. கடமையில் மாண்ட அவரைப் பாம்பின் கணவனென்றே அப்போதும் எழுதியவர் உளர். நாககன்னிகைக் கதைகளை நாம் மட்டுமே நம்புகிறோம் என்று வெட்கப்பட வேண்டுவதில்லை; நாகரிகம் பேசும் நாடுகளிலும் அதற்குச் சந்தை உண்டு.

ஊர்வனவற்றுக்கு உள்ளம் உண்டோ?

பாம்புக்குக் காதலும் பழியும் இல்லையெனின், அஃது உணர்ச்சியற்ற கயிறுதானோ? அவ்வாறு கூறியவரும் உளர். ஊர்வனவற்றின் மூளையில் வெறும் இயல்பூக்கமே உண்டு, உணர்ச்சி பாலூட்டிகளிடத்தே பிறந்தது என்னும் கொள்கை ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் பரவியிருந்தது. அதனை இன்றைய மூளை நூலார் ஏற்பதில்லை.

கனடாவில் மிஷேல் கபனாக் என்னும் உடலியல் அறிஞர் செய்த சோதனைகள் எளியவை. ஆமையை மெல்லக் கையில் எடுத்தால் அதன் இதயம் விரைந்து துடிக்கும். விட்டபின் அது வெப்பமான இடத்தை நாடிச் சென்று உடற்சூட்டை உயர்த்திக்கொள்ளும். பல்லியினத்திலும் இதயத் துடிப்பு அவ்வாறே உயர்ந்தது, தவளையில் உயரவில்லை. மற்றொரு சோதனையில் உடும்பு போன்ற இகுவானாவுக்குக் குளிர்ந்த மூலையில் சுவையான இரை வைக்கப்பட்டது. குளிர் கூடக் கூட அது செல்வதைக் குறைத்துக்கொண்டது. இன்பத்தையும் துன்பத்தையும் அது நிறுத்துப் பார்த்ததென்றே கபனாக் கருதினார்.

பாம்பைப் பற்றி மட்டும் பார்ப்போம். 2023-ல் கலிஃபோர்னியாவில் கிலுகிலுப்பை விரியன்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். அச்சுறுத்தப்பட்ட பாம்பு தனித்திருக்கும்போதும், ஒரு கயிற்றோடு இருக்கும்போதும், தன்னினப் பாம்போடு இருக்கும்போதும் அதன் இதயத் துடிப்பை அளந்தனர். துணையிருந்தபோது படபடப்புக் குறைந்தது. கயிறு துணையாகவில்லை. பாம்பைக் கயிறென்று நினைப்பது நமக்கு மயக்கமாயிருக்கலாம். கயிற்றைப் பாம்பென்று நினைக்கும் மயக்கம் பாம்புக்கு இல்லை!

பெண் ராஜநாகம் சருகுகளைக் கூட்டிக் கூடு கட்டி முட்டைகளைக் காக்கின்றது. பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்து, தன் தசைகளை நடுங்கச் செய்து அவற்றுக்குச் சூடு அளிக்கின்றது. 2019-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு, ஊர்வனவற்றுக்கு அச்சம், வேதனை, மனக்கலக்கம் ஆகியவை உண்டென்று கொள்ளும் கட்டுரைகள் பலவற்றையும், இன்பமும் உண்டென்பதற்குச் சான்று காட்டும் சிலவற்றையும் எடுத்துக் காட்டிற்று.

இவற்றால் பெறப்படுவது யாது? பாம்பு அஞ்சும், நோவும், கலங்கும், வெம்மையில் ஆறுதல் பெறும், தன்னினத் துணையால் அமைதியுறும். வளர்ப்பவன் கையில் அது அசையாது சுற்றிக்கொண்டிருப்பதற்கு, அச்சம் தணிந்ததும் உடற்சூடு கிடைத்ததும் போதிய காரணங்களாகும். அதன்மேல் அன்பென்றும் நன்றியென்றும் பெயரிடச் சான்றில்லை. அவ்வாறே, அடித்தவனைத் தேடி வந்து பழிவாங்கும் என்பதற்கும் சான்றில்லை.

நாம் செய்யத்தக்கது

அஞ்சவும் நோகவும் வல்ல உயிரைப் பட்டினியிட்டுப் பால் குடிக்கச் செய்வதும், பல் பிடுங்கித் தெருவில் ஆட்டுவிப்பதும், நிமிர்ந்து நீளவும் இடமில்லாப் பெட்டியில் அடைப்பதும் கொடுமையே. முதலிரண்டும் பக்தியின் பெயரால் நிகழ்கின்றன. மூன்றாவது அன்பின் பெயரால் நிகழ்கின்றது. பெயர் மாறினும் பாம்பு படும் பாடு ஒன்றே. வளர்த்தே தீர வேண்டுமென்பவர், அதன் முழு வளர்ச்சிக்கும் ஆயுளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். மலேசியாவில் 2010-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இனங்களை உரிமமின்றி வைத்திருத்தல் குற்றமாகும்.

தோட்டத்திலிருப்போருக்கு ஒரு வார்த்தை. செம்பனைக் காட்டில் எலி உள்ளவரை பாம்பும் இருக்கும். தீண்டினால் மந்திரிப்பவரைத் தேடி ஓடுவோர் இன்றும் உளர். மந்திரத்தால் பிழைத்தாரைச் சான்றாகவும் காட்டுவர். பினாங்கு ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், மலாயாவில் பாம்பு கடித்தோரைப் பல ஆண்டு ஆராய்ந்து, அவருள் பெரும் பகுதியினருக்கு விஷம் சிறிதே ஏறியதென்றும் அல்லது ஏறவே இல்லையென்றும் கண்டார். அவரெல்லாம் மந்திரமின்றியே பிழைத்திருப்பார். விஷம் ஏறியவரையோ மந்திரம் காவாது. கடித்த உறுப்பை அசையாது வைத்து, கீறாமலும் உறிஞ்சாமலும் இறுகக் கட்டாமலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுதலே வழி.

பாம்பு தெய்வமுமன்று, பகைவனுமன்று, பிள்ளையுமன்று. அது தன் அச்சத்தோடும் தன் வெம்மையோடும் தனக்குரிய வாழ்வை வாழும் ஓர் உயிர். அதனிடம் நாம் எதிர்பார்க்கத்தக்கது அருளுமில்லை, நன்றியுமில்லை; அதற்கு நாம் அளிக்கத்தக்கது வழிபாடுமில்லை, முத்தமுமில்லை. விலகி நின்று வழி விடுதலே இருவர் உயிருக்கும் காவல்.