இலையுதிர் காலத்துப் பயணம்

ஐப்பசி பிறந்தால் நம் நாட்டில் மழை கொட்டும், ஏரி நிரம்பும், உழவன் உள்ளம் குளிரும். அதே திங்களில் ஐரோப்பாவில் மரங்கள் இலை உதிர்க்கும், பகல் குறுகும், மூடுபனி படரும். நெஞ்சிலே நோய் கொண்டோருக்கு அது அச்சமூட்டும் காலம். வசதி படைத்தோர், கடுங்குளிர் வருமுன்னே தெற்கு நோக்கிப் புறப்படுவர், கதிரவன் காயும் கடற்கரை தேடி.

1858 அக்டோபரில் அப்படிப் புறப்பட்டனர் ஒரு கணவனும் மனைவியும், இலண்டன் நகரிலிருந்து. கணவருக்கு வயது 52, மனைவிக்கு 51. இருவரையும் காசநோய் தொட்டிருந்தது. மனைவியை மிகுதியாகவே வாட்டியிருந்தது. பிரான்சு நாட்டின் தென்பகுதிக்குச் சென்று குளிர்காலத்தைக் கழிப்பது திட்டம். அங்கே அவர்களுக்கு ஒரு வேலையும் இருந்தது. இருவரும் சேர்ந்து ஆண்டுக் கணக்கில் எழுதியும் திருத்தியும் வந்த ஒரு நூலின் கையெழுத்துப் படி, இறுதித் திருத்தத்துக்காகக் காத்திருந்தது. நூலின் பெயர்: 'சுதந்திரம் பற்றி'.

கணவர், ஜான் ஸ்டூவர்ட் மில். மூன்று வயதில் கிரேக்கம் கற்கத் தொடங்கியவர். தர்க்கத்திலும் பொருளாதாரத்திலும் அறிஞர் அவையின் முன்வரிசையில் அமர்ந்தவர். மனைவி, ஹாரியட். கணவரின் பெயரை உலகறியும். மனைவியின் பெயரை? அறிந்தோர் சிலர்; அறிந்தவரிலும் ஏளனம் பேசியோர் பலர். அந்த ஏளனம் முறைதானா என்று ஆராய, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையையே நாம் சான்றாகக் கொள்வோம். மேடைப் பேச்சிலே சமத்துவம் முழங்குவது எளிது. அடுக்களையிலும் எழுதும் மேசையிலும் வண்டிப் பயணத்திலும் அது நிலைத்ததா என்பதன்றோ கேள்வி!

ஹாரியட், அறுவை மருத்துவர் ஒருவரின் மகள். 1826-இல், பதினெட்டு வயதில், ஜான் டெய்லர் என்னும் மருந்து மொத்த வணிகரை மணந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தனர். டெய்லர் நல்லவர், நேர்மையானவர். ஆனால் ஹாரியட்டின் அறிவுப் பசிக்கு அந்த வீட்டில் உணவு இல்லை. 1830-ஐ ஒட்டி மில் அறிமுகமானார். திருமணம், மணவிலக்கு, பெண் கல்வி ஆகியவை பற்றி இருவரும் கட்டுரைகள் எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டனர். நட்பு வளர்ந்தது, அன்பாக முற்றியது.

1833-இன் இலையுதிர் காலத்தில் ஹாரியட், கணவரைச் சில காலம் பிரிந்திருந்து பார்க்கும் எண்ணத்துடன் பாரிசு சென்றார். மில்லும் அங்குப் போய்ச் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து கழித்த முதல் இலையுதிர் காலம் அது. சில வாரங்களுக்குப் பின் ஊர் திரும்பினர். டெய்லரின் மனைவி என்ற பெயரை ஹாரியட் விட்டுவிடவில்லை. எனினும் தனி வீட்டில் வாழ்ந்தார். மில் அங்கு வந்து போனார். தங்கள் உறவு நட்பே என்று இருவரும் உறுதியாகச் சொன்னார்கள். ஊர் நம்பியதா? கார்லைல் போன்ற எழுத்தாளர் வட்டாரத்திலேயே கிசுகிசு பறந்தது. 1848-இல் வெளிவந்த மில்லின் பொருளாதார நூலை ஹாரியட்டுக்குக் காணிக்கையாக்க எண்ணினார்கள். டெய்லர் மனம் வருந்தவே, நண்பர்களுக்கு அளித்த படிகளில் மட்டுமே அந்தக் காணிக்கை இடம் பெற்றது.

1849-இல் டெய்லர் புற்றுநோயால் படுக்கையில் வீழ்ந்தார். அவர் பக்கத்தில் இருந்து, இரவு பகல் பாராது பணிவிடை செய்தவர் ஹாரியட். அந்த ஆண்டிலேயே டெய்லர் மறைந்தார். ஏறக்குறைய இரண்டாண்டுகள் கழிந்த பின்னரே ஹாரியட்டும் மில்லும் மணம் செய்துகொண்டனர்.

மணத்துக்கு முன், 1851 மார்ச் 6-ஆம் நாள், மில் ஓர் உறுதிமொழி எழுதினார். அதன் அருமை புரிய, அந்நாளைய ஆங்கில நாட்டுச் சட்டம் எப்படி இருந்தது என்று அறிய வேண்டும். பெண் மணமானவுடன் அவளுடைய பொருள் கணவனுக்கு உரியதாகும். அவள் உழைத்து ஈட்டும் கூலியும் அவனுக்கே. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. கணவன் இசைவின்றி விருப்ப ஆவணம் எழுத முடியாது. சட்டத்தின் கண்ணுக்குக் கணவனும் மனைவியும் ஒருவர்; அந்த ஒருவர், கணவர்!

இத்தகைய அதிகாரம் எனக்கு வேண்டாம் என்று எழுதினார் மில். மனைவியின் உடல்மீதும் உடைமைமீதும் செயல்மீதும் சட்டம் தனக்கு வழங்கும் ஆதிக்கத்தை அவர் கண்டித்தார். எந்நாளும் அதைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி கூறினார். மணமே நடவாதது போல ஹாரியட்டுக்கு முழு உரிமை தொடரும் என்று அறிவித்தார். நீதிமன்றம் ஏற்காத தாள்தான் அது. அந்த உரிமைகளை உதறித் தள்ளவும் சட்டத்தில் வழி இல்லை. ஆனாலும், தன் கைக்கு வந்த சாட்டையைத் தானே கீழே போட்ட ஆண்மகனை அந்த நூற்றாண்டில் எத்தனை வீடுகளில் காண முடியும்?

1851 ஏப்ரல் 21-இல், பதிவு அலுவலகத்தில், பாதிரியார் இன்றித் திருமணம் நடந்தது. பதிவேட்டில் மில் முதலில் தம் பெயரைச் சுருக்கிக் கையெழுத்திட்டுவிட்டு, பிறகு முழுப் பெயரையும் இடுக்கி எழுதினார். அதனால் மணம் செல்லாது என்று எவரேனும் வாதாடுவரோ என்று ஓராண்டு கழித்தும் அவருக்குக் கவலை. வேண்டுமானால் தேவாலயத்தில் மறுபடி மணம் செய்துகொள்ளலாம் என்றுகூட மனைவிக்கு எழுதினார். மணச் சடங்கைப் பொருட்டாக மதியாதவருக்கு ஏன் இந்தக் கவலை? மணத்தில் ஐயம் எழுந்தால் பழி சுமப்பவள் பெண்தான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பிறகு ஏழாண்டு இல்லறம், பிளாக்ஹீத் என்னும் புறநகரில். விருந்தினர் குறைவு, விழாக்கள் இல்லை. காலையில் மில் இலண்டனிலுள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகம் செல்வார், மாலையில் திரும்புவார். மனைவி கேட்டால் பியானோ வாசிப்பார். மற்ற நேரமெல்லாம் படிப்பு, எழுத்து, விவாதம். 1851 சூலையில் வெஸ்ட்மின்ஸ்டர் ரிவியூ ஏட்டில் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் ஹாரியட். மணமான பெண்ணும் தன் கையால் பொருள் ஈட்ட வேண்டும், அப்போதுதான் அவள் அடிமை ஆகாள் என்பது அவர் வாதம். பின்னாளில் மில் எழுதிய நூலோ, மணம் புரியும் பெண் இல்லப் பொறுப்பையே தன் தொழிலாக ஏற்கிறாள் என்ற அளவில் நின்றுவிட்டது. இந்த ஒன்றில் கணவரைவிட மனைவியே முன்னே நடந்தவர்!

மில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது ஹாரியட் அதை வரி வரியாகப் படித்துத் திருத்தினார். அந்தக் கையெழுத்துப் படியில் அவர் இட்ட குறிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. மனைவியை மில் மிகையாகப் புகழ்ந்தார், காதல் மயக்கம் என்று நகைத்தவர்கள் அந்தத் தாள்களுக்கு என்ன விடை சொல்வர்?

நோய் அவர்களை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. 1853-இன் இறுதியில் நைஸ் நகரில் ஹாரியட்டுக்கு இரத்தப் பெருக்கு ஏற்பட்டு உயிர் ஊசலாடியது. விடுப்பு முடிந்ததால் மில் தனியே இலண்டன் திரும்ப நேர்ந்தது. அங்கிருந்து எழுதிய கடிதங்களுக்கெல்லாம் எண்ணிட்டார். அவற்றில் தத்துவம் இருக்கும். அடுத்த வரியிலே வீட்டுச் செலவும் எலித் தொல்லையும் இருக்கும். 1854 திசம்பரில் மில்லின் முறை: நெஞ்சு நோய்க்காக இத்தாலி, சிசிலி, கிரீசு என்று ஆறு திங்களுக்கு மேல் தனிப் பயணம். 1855 சனவரியில் உரோம் நகரின் கேபிடல் படிகளில் ஏறும்போது, சிறு கட்டுரையாக இருந்த சுதந்திரச் சிந்தனையைத் தனி நூலாக்கும் எண்ணம் பிறந்தது என்று அவரே குறித்திருக்கிறார். வீடு திரும்பியபின் இருவரும் அதை ஒவ்வொரு வாக்கியமாக அலசினார்கள். திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். 1858-இன் குளிர்காலம் இறுதித் திருத்தத்துக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள்.

இவ்வளவையும் போற்றும் நாம், ஒன்றை மறைத்துவிடல் ஆகாது. அந்த அமைதியான வீட்டுக்கும் அந்தப் பயணங்களுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? கம்பெனியிலிருந்து. கம்பெனிக்கு? இந்திய மக்கள் கட்டிய வரியிலிருந்து. 1823-இல் பதினேழு வயதில் சேர்ந்து 35 ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார் மில். 1858-இல் கம்பெனியின் ஆட்சியை நீக்கப் பாராளுமன்றம் முனைந்தபோது, கம்பெனிக்காக வாதாடும் மனுவை எழுதியவர் அவரே. மேலும், மனிதனின் உரிமை பேசும் அந்த நூலிலேயே, 'பின்தங்கிய' சமுதாயங்களுக்கு அந்த உரிமை பொருந்தாது, முன்னேற்றம் நோக்கமாயின் அவர்களை வல்லாட்சியால் ஆளலாம் என்றும் எழுதினார்! தகுதி வரும்வரை பெண் அடங்கியிருக்கட்டும் என்று ஆடவர் சொன்னபோது, அது ஆதிக்கத்தின் சூழ்ச்சி எனக் கண்டுகொண்டவர் அவர். அதே சொல்லை ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பார்த்துச் சொன்னபோது கண்டுகொள்ளவில்லை. அவருடைய சமத்துவம் அவர் வீட்டில் முழுமையாக ஒளி வீசியது; கடல் கடந்து வரும்போது மங்கிவிட்டது. அவர் ஏற்றிய விளக்கைப் போற்றுவோம். அதன் அடியில் கிடந்த இருளையும் குறித்து வைப்போம்.

1858-இல் கம்பெனி ஆட்சி முடிந்தது. மில் ஓய்வு பெற்றார். புதிய இந்தியக் குழுவில் இடம் தந்தார்கள், மறுத்துவிட்டார். இனி அலுவலகம் இல்லை, விடுப்புக் கணக்கு இல்லை, பிரிவு இல்லை. இருவரும் சேர்ந்தே பயணம் செய்யலாம், சேர்ந்தே எழுதலாம் என்றிருந்த முதல் இலையுதிர் காலம் அது.

அந்த மகிழ்ச்சியோடுதான் அக்டோபரில் கிளம்பினார்கள். லியோன் நகரை அடைந்தபோது ஹாரியட்டுக்குக் காய்ச்சல் மிகுந்தது. உரோன் ஆற்றங்கரையில் உள்ள அவிஞான் நகர் வரை சென்று, ஒரு விடுதியில் தங்கினார்கள். ஐந்தாண்டுக்கு முன் நைஸ் நகரில் ஹாரியட்டைக் காப்பாற்றிய மருத்துவரை உடனே வரும்படி வேண்டி மில் செய்தி அனுப்பினார். மருத்துவர் வந்தார், ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

1858 நவம்பர் 1-இல் அலகாபாத்தில் விக்டோரியாவின் பேரறிக்கை படிக்கப்பட்டது. இந்தியா அரசியின் நேரடி ஆட்சிக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு நாள் கழித்து, நவம்பர் 3-இல், அவிஞான் விடுதி அறையில் ஹாரியட் கண் மூடினார்.

கையெழுத்துப் படி அப்படியே இருந்தது, இறுதித் திருத்தம் காணாமல்.

என்ன செய்தார் மில்? வேறு அறிஞர் எவரிடமும் காட்டவில்லை. தாமும் பேனா தொடவில்லை. ஹாரியட் பார்க்க வேண்டிய திருத்தத்தை இன்னொருவர் செய்யலாகாது என்று, ஒரு சொல்லும் மாற்றாமல் 1859 பிப்ரவரியில் வெளியிட்டார். ஹாரியட்டுக்கே காணிக்கையாக்கினார். தம் பெயர் தாங்கிய வேறு எதையும்விட அந்த நூலே இருவரின் கூட்டுப் படைப்பு என்று பின்னர் எழுதி வைத்தார். ஆயினும் அட்டையில் இருப்பது ஒரு பெயர்தான். அந்த அட்டையை மட்டும் பார்த்து வரலாறு எழுதியோர், மறு பெயரைத் தொலைத்துவிட்டனர்.

அவிஞானில், கல்லறைக்கு அருகிலேயே ஒரு வீட்டை வாங்கினார் மில். ஹாரியட் இறந்த விடுதி அறையில் இருந்த மேசை நாற்காலிகளையே விலைக்கு வாங்கி அங்கு வைத்தார். ஆண்டில் பல திங்கள் அங்கே வாழ்ந்தார். ஹாரியட்டின் மகள் ஹெலன் உடனிருந்து உதவினார்.

துயரம் அவரை மூலையில் முடக்கிப் போடவில்லை. 1865-இல் பாராளுமன்ற உறுப்பினரானார். 1866-இல், வாக்குரிமை கேட்டு 1,499 பெண்கள் கையொப்பமிட்ட மனுவை அவையில் அளித்தார். 1867 மே 20-இல், தேர்தல் சீர்திருத்த மசோதாவில் 'ஆடவர்' என்ற சொல்லை நீக்கி 'ஆள்' என்ற சொல்லை இடவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரித்தோர் 73 பேர். திருத்தம் தோற்றது, அன்று எழுந்த கேள்வி தோற்கவில்லை. 1869-இல் 'பெண்களின் அடிமை நிலை' என்னும் நூலை வெளியிட்டார். மணமான பெண்ணுக்கு ஆங்கில நாட்டில் தனிச் சொத்துரிமை முழுமையாக வந்தது 1882-இல். முப்பது வயது கடந்த, தகுதி பெற்ற பெண்களுக்கு வாக்கு வந்தது 1918-இல். ஆணுக்கு நிகராக வந்தது 1928-இல்!

1873 மே 7-இல் மில் மறைந்தார், அதே அவிஞானில். ஹாரியட்டின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.

1851-இல் ஒரு தாளில் அவர் உதறியதை, ஆங்கில நாட்டுச் சட்டம் உதற மேலும் 31 ஆண்டுகள் பிடித்தன. சட்டம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருப்பதற்கு இன்றைய வீடுகளுக்குக் காரணம் ஏதும் உண்டோ? வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, ஈட்டும் ஊதியம் யார் கைக்குச் செல்கிறது, இருவரும் சேர்ந்து செய்த வேலைக்கு யார் பெயர் போடப்படுகிறது — இவற்றை ஒவ்வொரு கணவனும் தன் வீட்டிலே, இன்று மாலையே எண்ணிப் பார்க்கலாம். அதற்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை.