கிணற்றைத் தாண்டிப் பார்த்த சபைகள்: யாழ்ப்பாணக் குடாநாட்டு நீர்க்கொள்கையில் முன்னுரிமைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் உயிர்பெறும் வழுக்கையாற்றை விட்டால், மிஞ்சுவன குளங்களும் கடல்நீரேரிகளுமே. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் பெய்துவிடும். எஞ்சிய மாதங்களில் குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சுண்ணக்கல்லுக்குள் தங்கிய நன்னீரே கதி. அது உவர்நீரின் மேல் மிதப்பது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நிற்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், நாளடைவில் கீழிருந்து உவர் 40 அடி ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். இந்த மண்ணிலிருந்து சபைக்குப் போகும் உறுப்பினர் எதை முதலில் கவனிக்க வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. நூறாண்டு வரலாறோ வேறு பக்கம் பார்த்திருக்கிறது.

சட்டவாக்கப் பேரவை உறுப்பினராக இருந்த கே. பாலசிங்கம் 1920களில் ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீர் ஏரியாக்கும் யோசனைக்காக வாதாடினார். நல்ல யோசனைதான். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் அதற்கு முழு வடிவம் கொடுத்தார்: கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரை ஆனையிறவில் மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி, உப்பாறு கடல்நீரேரிகளுக்கு விடுவது. தொண்டைமானாற்றில் தடுப்பணை எழுந்தது. முள்ளியான் வாய்க்கால் அரைகுறையில் நின்றது. அணையின் மரக்கதவுகள் உக்கின. ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற முழக்கம் மட்டும் ஒவ்வொரு தேர்தலிலும் புதுப்பிக்கப்பட்டது.

அதற்குச் சற்று முன்னர் கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் முன்னுரிமை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை. 1950இல் உற்பத்தி தொடங்கிய அது வடக்கில் பலருக்கு வேலை தந்தது; அதைக் குறைத்துச் சொல்வது நியாயமன்று. ஆனால் அதற்காகத் தோண்டிய சுண்ணக்கல்தான் குடாநாட்டின் தண்ணீர்த் தொட்டி. வலிகாமம் வடக்கின் பள்ளங்கள் அதற்குச் சாட்சி. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தபோது துலா போய் இறைப்பு இயந்திரம் வந்தது. உரமும் கூடவே வந்தது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் 1980களிலிருந்தே காட்டி வருகின்றன. இதைப் பேசினால் வாக்காளரின் தோட்டத்தையும் மலக்குழியையும் பற்றிப் பேச வேண்டிவரும். எந்த உறுப்பினருக்கு அந்தத் துணிவு?

2013இல் வட மாகாண சபை அமைந்தபோது எதிர்பார்ப்புக்குக் காரணம் இருந்தது. விவசாயமும் சுற்றாடலும் ‘ஏழாவது ஊழி’ என்ற சூழலியல் நூலை எழுதிய பொ. ஐங்கரநேசனின் கைக்கு வந்தன. கார்த்திகை மரநடுகை மாதமாயிற்று. உண்மையான சோதனை சுன்னாகத்தில் வந்தது. மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்ததாக மக்கள் முறையிட்டனர்; பவுசரில் தண்ணீர் விநியோகிக்கப்பட்டது. சபை நியமித்த நிபுணர் குழு, ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்றது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகளோ எண்ணெயும் கிரீஸும் இருப்பதாகக் காட்டின. முடிவை உயர் நீதிமன்றமே சொன்னது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மின்நிலையத்தை இயக்கிய நோர்தேர்ன் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என அது தீர்ப்பளித்தது. அதற்குள் சபையின் ஆயுளே முடிந்திருந்தது.

அதிகாரம் கொழும்பில் இருக்கிறது என்ற விளக்கம் பாதி உண்மை. கனிய அகழ்வு அனுமதி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திடம் இருக்கிறது. மணலிலும் சுண்ணக்கல்லிலும் மாகாணத்தின் கை கட்டப்பட்டதே. ஆனால் 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் மாகாணத்துக்குள் சுற்றாடல் பாதுகாப்பை, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, மாகாணப் பட்டியலில் வைத்திருக்கிறது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைவெளி உண்டா என்று பார்த்துக் கட்டட அனுமதி கொடுப்பவை உள்ளூராட்சிச் சபைகள். இந்தச் சின்ன அதிகாரங்களைத் தீவிரமாகப் பயன்படுத்தியவர்கள் அரிது. வட மாகாண சபையிலும் நியதிச்சட்டங்களைவிடத் தீர்மானங்களே பல மடங்கு நிறைவேறின.

இதற்கிடையே வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் ஆசை இன்னொரு சுற்று வந்தது. இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. திட்டம் கடலை நோக்கித் திரும்பி, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரவல்ல நிலையம் தாளையடியில் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. குழாய்நீர் வந்துவிட்டதால் கிணற்றை மறக்கலாம் என்று எண்ணுவது ஆபத்து. கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். தோட்டங்களுக்கு அந்த நீர் வரப்போவதுமில்லை.

மாகாண சபைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் ஆற்றைப் பற்றிக் கேட்பதற்கு முன், மலக்குழி, உர அளவு, இறைப்பு, அணைக்கதவு இந்த நான்குக்கும் என்ன நியதிச்சட்டம் கொண்டுவருவார் என்று குடாநாட்டு வாக்காளர் கேட்க வேண்டும்.