பிண்டம்

திரளை, உருண்டை என்பதே இந்த வடசொல்லின் முதற்பொருள். முன்னோர்க்குப் படைக்கும் சோற்றுருண்டைக்கும் கருவுக்கும் இதுவே பெயர்.

பிறவிக் குறைகள் எட்டை 'எச்சம்' என்று எண்ணும் புறநானூற்று 28ஆம் பாட்டில், உறுப்பு உருவாகாமல் பிறந்த சிசுவும் 'பிண்டம்'தான். ஆனால் 74ஆம் பாட்டு காட்டும் வழக்கம் வேறு. இறந்து பிறந்த குழந்தையோ வெறும் தசைத்திரளோ, மறக்குடியினர் அதன்மேல் வாளால் கீறினார்கள். கேட்கவே நடுங்குகிறது, ஆனாலும் அந்தப் பிண்டத்தையும் வீரர் வரிசையில் சேர்த்த மரியாதை அது.

இன்றோ மண்டையோடு மூடாமல் ஒரு குழந்தை பிறந்தால், பார்த்தவர் வாயில் முதலில் வருவது 'சாபம்'. கருவின் நான்காம் வாரத்தில் நரம்புக் குழாய் மூடாததே காரணம். கருத்தரிக்கும் முன்பே போலிக் அமில மாத்திரையைத் தொடங்கினால் பெரும்பாலும் தடுக்கலாம். பெற்றவளிடம் பாவக்கணக்குப் பேசாதீர்கள்.